படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்

மகனே,

இதை வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? முதல் நான்கு வரியைப் பார்ப்பாய், ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவாய், ஃபேக்டரி மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. மிச்செலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுக்கும் வாசித்துக் காட்டு, எதையும் விழுங்காமல். இது வேறு யார் கையில் கிடைத்தாலும் எனக்குக் கவலையில்லை. கோயில் நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தாலும் சரிதான். இத்தனை வருடம் அங்கே மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன், என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பத்து காவான் வீட்டிலிருந்து வந்தீர்கள். பூசை முடிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தாய். அதைக்கூடக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். கோழிக்குழம்பு வைத்து, மிச்செலுக்காகக் காரம் குறைத்து, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி என்று நெத்திலியைத் தனியாக வறுத்து வைத்திருந்தேன். சாப்பிடும்போது ஞானத்தாய் யார், ஞானத்தகப்பன் யார் என்று பேச்செடுத்தேன். தாசேக் கெலுகோரில் இருக்கும் உன் மாமா மகளை மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன், அது வேறு கதை. நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "அம்மா, புள்ளைக்கு ஞானஸ்நானம் வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றாய். ஏதோ பச்சைக் கலர் சுவர் வேண்டாம், மஞ்சள் அடிக்கலாம் என்று சொல்வது போலச் சொன்னாய். எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டை எடுத்து வீசியிருப்பேன், நல்ல தட்டு என்பதால் வீசவில்லை.

"ஏன்டா, நாங்க உனக்கு என்னடா கெடுதல் பண்ணோம்?" என்று கேட்டேன். "நீங்க பண்ணல. ஜெனிட்டா கேட்டாளே ஒரு கேள்வி, அந்தக் கோயில்ல யாராச்சும் ஒருத்தர் அதுக்குப் பதில் சொல்லட்டும். அன்னிக்கே புள்ளையத் தூக்கிட்டு வர்றேன்" என்றாய். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, நான் வேலைக்குப் போயிருக்கும்போது பாத்ரூம்ல வச்சுத் தண்ணி ஊத்திடாதீங்க லா" என்று சொல்லிச் சிரித்தாய். மிச்செலும் சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நீ சொல்வதற்கு முன்னாலேயே அந்த எண்ணம் எனக்கு வந்துவிட்டது. உயிர் போகும் ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வருடா வருடம் வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு, கோயிலுக்கு வராத மகன்களின் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற சாக்கில் காரியத்தை முடித்துக்கொண்ட தாய்மார்களையும் நம் பங்கில் எனக்குத் தெரியும். அவர்களை நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நீ படியிறங்கிப் போன பிறகு, அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரிந்தது.

உன் கோபம் உன்னிடம் மறைக்கல்வி படித்த ஜெனிட்டாவோடு ஆரம்பித்தது என்று நீ நினைக்கிறாய். இல்லை, அது உன் பதினைந்து வயதில் ஆரம்பித்தது. உறுதிபூசுதலுக்கு உங்களையெல்லாம் தயார் செய்துகொண்டிருந்த வருடம், கடலுக்கு அந்தப் பக்கம் நிலப்பகுதியிலிருந்து ஒரு சிஸ்டரை வரவழைத்திருந்தோம், வளரும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல. ஹாலின் கதவை எல்லாம் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, பெண்பிள்ளைகளை மட்டும் உள்ளே உட்கார வைத்தோம். பையன்கள் கையில் ஒரு பந்தைக் கொடுத்துக் கோயில் திடலுக்கு அனுப்பிவிட்டோம். யாரும் அதைப் பற்றி யோசித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. பெண்ணுக்குப் பேச்சு, பையனுக்குப் பந்து. எங்கள் காலத்திலும் அப்படித்தான், அதனால் அதுதான் முறை. நீ முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து, "உள்ள என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாய். "அது பொம்பளப் புள்ளைங்க விஷயம், போய்க் குளி" என்றேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உள்ளே என்ன சொன்னார்கள் என்று இப்போதாவது சொல்கிறேன், கேள். உட்காரும்போது காலைச் சேர்த்து உட்காரு, பையன்களோடு தனியாக நிற்காதே, தப்பு நடந்தால் பெயர் கெடுவது உனக்குத்தான். அவ்வளவுதான். பேசாமல் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பந்தைக் கொடுத்திருக்கலாம்.

உன் அப்பா ஒரு முறை முயற்சி செய்தார், பாவம். நீ ஒரு பெண்ணோடு போனில் பேசிக்கொண்டே இருக்கிறாய் என்று நான்தான் அவரை விரட்டினேன். "ஆம்பளைக்கு ஆம்பளை பேசுங்க, நான் எப்படிப் பேசறது" என்றேன். உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போனார். சூடாக ஒரு கிண்ணம் லக்சா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்ததும், "பேசினீங்களா?" என்று அடுப்படியில் வைத்துக் குசுகுசுவென்று கேட்டேன். "பேசினேன் பேசினேன்" என்றார். பல வருடம் கழித்து, அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, நீதான் சொன்னாய்: அன்றைக்கு முழுக்க அவர் மோட்டார் டயரைப் பற்றித்தான் பேசினார் என்று. பின்சக்கரம் தேய்ந்தால் மழையில் வழுக்கும், பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காதே என்று. சொல்லிவிட்டு நீ அழுதாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கோழையில்லை மகனே. பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு அவர் அப்பாவும் டயர்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஆறாம் கட்டளைப் பாடத்துக்கு வருகிறேன். நம் மறைக்கல்விப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. உடல், காதல், கற்பு, திருமணம் எல்லாம் அதில்தான். வருடத் தொடக்கத்தில் அட்டவணை போடும்போது அது எப்போதும் ஜூலைக் கடைசி ஞாயிறில் போய் விழும். அந்த ஞாயிறு என்ன ஞாயிறு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜத்தில் அன்னம்மாள் திருவிழா. பாதி பினாங்கு அங்கேதான் இருக்கும். கோயில் வளாகத்தில் விடியும்போதே பஸ் வந்து நிற்கும், பிள்ளைகளும் பெற்றோரும் ஏறிவிடுவார்கள், வகுப்பு ரத்து. அடுத்த ஞாயிறு விட்ட பாடத்தை எடுக்கலாம் அல்லவா? எடுக்கமாட்டோம். நேரம் போய்விட்டது என்று ஏழாம் கட்டளைக்குத் தாவிவிடுவோம். திருடக்கூடாது என்று நம் பங்குப் பிள்ளைகளுக்கு மிக நன்றாகத் தெரியும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. ரகசியத் திட்டம் எதுவும் கிடையாது. முடிவு செய்ய வேண்டிய தேவையே வந்ததில்லை, அதுதான் விஷயம். நானும் அந்த பஸ்ஸில் ஏறியவள்தான், முன்சீட்டில், ஜெபமாலையோடு.

பிறகு நீ வளர்ந்து, வேலைக்குப் போய், இளைஞர் வகுப்பை எடுத்துக்கொண்டாய். நான் பெருமைப்பட்டேன். பிள்ளைகள் உன்னைச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கோயில் வளாகத்து மாதா கெபிக்குப் பின்னால் ஜெனிட்டாவும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவளுக்குப் பதினாறு, அவனுக்குப் பதினேழு. யாரோ போனில் எடுத்துப் பங்கு வாட்சப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். எடுத்தது யார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. பங்குப் பேரவை கூடியது. ஜெனிட்டாவைப் பாடகர் குழுவிலிருந்து கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது, அவள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரட்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்புவது என்று முடிவானது. அந்தப் பையன் பூசையில் பீடத்தில் உதவி செய்பவன். அவனை நிறுத்தினால் தமிழ்ப் பூசைக்கு மணி அடிக்க ஆளில்லை, பையன்கள் கிடைப்பதே கஷ்டம் என்றார்கள். பாடப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? அந்த ஞாயிறே அவன் வெள்ளை அங்கி போட்டு மணியடித்தான். அவள் கடைசி பெஞ்சில் அவள் அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. மணியை அடித்துவிட்டு அவன் கடைசி பெஞ்சையே பார்த்ததைக் கவனித்தேன். அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, பந்துதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் உன் வகுப்பில் ஜெனிட்டா எழுந்து கேட்டாள் என்று நீ வந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சார், என்னைப் பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொன்னாங்க. அவனும் பண்ணணுமா?" சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று சொன்னாய். நீ அதைப் பேரவைக்குக் கொண்டுபோனாய். எழுந்து நின்று, "படத்துல ரெண்டு பேர் இருந்தாங்க. நாம ஒருத்தரைத்தான் பாத்தோம்" என்றாய். தலைவர் அந்தோணி அண்ணன், "தம்பி, பாவசங்கீர்த்தனம்கிறது ரகசியம். அவன் பண்ணானா இல்லையான்னு நாம கேக்கக் கூடாது" என்றார். அவள் மட்டும் செய்ய வேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியபோது ரகசியம் எங்கே போயிருந்தது என்று நீ கேட்டாய். நான் பின்னால் பிஹூன் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், நான் அடுத்த தட்டைப் பார்த்தேன். நீ வகுப்பறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். பிறகு கல்யாணம், பத்து காவானில் வீடு, இரண்டாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். காடி ஓட்டி வந்தால் அரை மணி நேரத் தூரம்தான். பூசைக்கு நீ வரவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாளே ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். தமிழ்ப் பூசை, இங்கிலீஷ் பூசை, சீனப் பூசை என்று மனிதர் பம்பரம். "ஃபாதர், பெரிய பிள்ளைகளுக்கு ஆறாம் கட்டளைப் பாடத்தை ஒழுங்கா எடுக்கணும். பையன், பெண் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு. நான் எடுக்கறேன்" என்றேன். "ரொம்ப அவசியம் டீச்சர். இந்தப் புள்ளைங்க எல்லாத்தையும் போன்லதான் கத்துக்குதுங்க. நாம சொல்லாட்டி யார் சொல்றது? பேரவையில வைங்க" என்றார். படியிறங்கி வரும்போது எனக்குச் சிறகு முளைத்தது போல இருந்தது. உனக்கு அன்றைக்கே போன் செய்திருப்பேன். நடக்கட்டும், நடந்த பிறகு சொல்வோம் என்று அடக்கிக்கொண்டேன்.

பேரவையில் ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "நல்ல விஷயம்லா டீச்சர்" என்றார்கள். பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலோதான் செயலாளர். அவள், "தலைப்பு மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா? 'உடலும் அன்பும்'னு போட்டா பேரன்ட்ஸ் பயந்துக்குவாங்க. 'நற்பழக்கங்கள்'னு போடலாம்" என்றாள். சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டேன். நான் ஜெனிட்டாவின் பெயரை எடுக்கப் போனேன். அந்தோணி அண்ணன் கையை உயர்த்தி, "டீச்சர், பழச ஏன் கிளறணும்? வகுப்புதான் கேட்டீங்க, குடுத்தாச்சே" என்றார். வகுப்பாவது கிடைக்கிறதே, அங்கே பேசிக்கொள்ளலாம் என்று அதையும் விட்டேன். பிறகு ஃபிலோ போனில் காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு ஞாயிறு திருமணத் தயாரிப்பு வகுப்பு, ஒரு ஞாயிறு பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு ஞாயிறு உணவுச் சந்தை. "ஜூலைக் கடைசி ஞாயிறு ஹால் ஃப்ரீயா இருக்கு டீச்சர். காலையிலேருந்தே யாரும் இல்ல" என்றாள்.

மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன் மகனே, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்து நல்ல மனத்தோடு சிரித்தார்கள். "அன்னிக்குத் திருவிழா ஆச்சே" என்று நான் சொன்னபோது ஃபிலோ, "ஐயோ, ஆமால்ல! பரவால்ல டீச்சர், இன்ட்ரஸ்ட் இருக்கறவங்க வருவாங்க" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு யார் தண்ணீர்ப் போத்தல் வாங்குவது என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. பகைவனாக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். பிரியமாக இருப்பவர்களை என்ன செய்வது? அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் பிடிவாதம்.

ஆனாலும் தயார் செய்தேன். பெரிய வெள்ளைத் தாளாக மாஜோங் பேப்பர் வாங்கி வந்து, பள்ளிக்கூடத்தில் செய்தது போலப் பெரிய எழுத்தில் எழுதினேன். என்ன சொல்ல இருந்தேன் என்று உனக்கு மட்டுமாவது சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் 'கிறிஸ்துவின் திருவுடல்' என்றதும் ஆமென் சொல்லி வாங்கிக்கொள்கிறோமே, நம் சொந்த உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூசுகிறோமே, அது என்ன விசுவாசம் என்று ஆரம்பிக்க இருந்தேன். பசி வருவது போலத்தான் ஆசை வருவதும், அது பாவமில்லை. அடுத்தவர் தட்டில் கேட்காமல் கைவைக்கிறோமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சிரித்துக்கொண்டே சொன்னாலும், நேற்று சரி என்று சொல்லியிருந்தாலும். கற்பு பெண்ணின் அளவுக்கு மட்டும் தைத்த சட்டை இல்லை. உங்களைவிடப் பெரியவர் ஒருவர், மாமாவோ, வாத்தியாரோ, கோயில் ஆளோ, தொடக்கூடாதபடி தொட்டால் அந்த வெட்கம் உங்களுடையது இல்லை, வந்து சொல்லுங்கள், நான் நம்புவேன், போலீசுக்கும் கூட வருவேன். ஒருவர் படத்தை இன்னொருவர் அனுமதியில்லாமல் எடுத்து அனுப்புவது கட்டிப்பிடிப்பதைவிடப் பெரிய பாவம். உங்களில் யாராவது மற்றவர்கள் எதிர்பார்ப்பது போல இல்லாத ஆசையோடு இருக்கலாம், உங்களுக்கும் இந்த ஹாலில் ஒரு நாற்காலி உண்டு. எனக்குப் பதில் தெரியாத கேள்விகளும் வரும், தெரியாது என்று சொல்லிவிட்டு உங்களோடு உட்கார்ந்திருப்பேன். நம் கோயிலில் மைக் பிடித்தவர் யாரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதிலிருந்து ஆரம்பித்தாலே பிள்ளைகள் காது கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு போனேன். பஸ்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக எல்லோரும் எனக்குக் கையசைத்தார்கள், "டீச்சர், உங்களுக்கும் வேண்டிக்கிறோம்!" என்று. ஹாலைத் திறந்து நாற்காலி போட்டேன், பேப்பரைச் சுவரில் ஒட்டினேன். ஃபேன் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது, நாலு மூலையிலும் மறுபடி டேப் ஒட்டினேன். யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன், ஆனாலும் நாற்காலிகளை மறுபடி நேராக்கி வைத்தேன். வெகு நேரம் கழித்து வாசலில் ஜெனிட்டா நின்றாள். கையில் பாடகர் குழுவின் உடை, துவைத்து இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில்.

"டீச்சர், ஃபிலோ ஆன்ட்டி இல்லியா? டிரஸ் குடுக்கணும்."

"எல்லாரும் திருவிழாவுக்குப் போய்ட்டாங்கம்மா. நீ போகலியா?"

"அம்மா வேணாம்னுட்டாங்க. அங்க எல்லாரும் பாப்பாங்களாம்." அவள் சுவரைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். "இன்னிக்கி என்ன கிளாஸ் டீச்சர்? யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா."

"எங்களுக்கு யாரும் சொல்லலியே."

உட்கார் என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இதற்காகத்தான் வந்தோம் என்று நினைத்தேன். கடவுளே அனுப்பியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு பைத்தியக்காரி நான். "நீ என் மகன்கிட்ட ஒரு கேள்வி கேட்டியே. பதில் சொல்றேன் கேட்டுக்கோ. அவனும் பண்ணணும்மா. உனக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவுதான், ஒரு துளி குறைச்சல் இல்ல. உன்னைப் பாட்டுலேருந்து நிறுத்துனது தப்பு. அந்தப் படத்தை எடுத்து ஊருக்கே அனுப்பினவன்தான் முதல்ல போய் முட்டி போடணும்" என்றேன்.

அவள் மடியிலிருந்த பையை நேராக்கினாள். "பூசையில எல்லாரும் இருக்கும்போது யாருமே சொல்லல டீச்சர்" என்றாள். பிறகு, "நீங்களும் யாரும் இல்லாதப்பதான் சொல்றீங்க" என்றாள். அதில் கோபமே இல்லை. வெளியே மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அவள் அம்மா காடி ஹாரனை அடித்தாள். ஜெனிட்டா எழுந்து, பையை நாற்காலியில் வைத்தாள். "டிரஸ்ஸ ஆன்ட்டிகிட்ட குடுத்துருங்க டீச்சர். துவைச்சுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் கோயிலில் பார்க்கவில்லை. உடையை ஃபிலோவிடம் கொடுத்தேன். வேறொரு பிள்ளைக்கு அளவு சரியாக இருந்ததாம்.

இதையெல்லாம் உன்னை வரவழைக்க எழுதவில்லை. நீ கேட்டது ஒரே ஒரு பதில். ஒரு கிழவி காலி ஹாலில் சொன்னதைக் கோயில் சொன்ன பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நான் அதைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் பேரம் பேசவும் மாட்டேன். மாறும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் பொய் சொல்ல வேண்டிவரும். அடுத்த வருட அட்டவணையையும் பார்த்துவிட்டேன். நீயும் மிச்செலும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்தே, சோறு ஊட்டும்போதும் தலை வாரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். ஆண்பிள்ளையாகப் பிறந்தால் இரட்டிப்பாகச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் வரவில்லை என்று அதனிடமே சொல்லிவிட்டு, மறுபடி முயற்சி செய்யுங்கள். லக்சா வாங்கிக் கொடுங்கள், டயரைப் பற்றியும் பேசுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான் ஞாயிறுதோறும் போய்க்கொண்டுதான் இருப்பேன். எனக்கு வேறு இடம் தெரியாது, அந்தப் பூசை இல்லாமல் என் வாரம் முடியாது. அங்கே முழங்காலில் நிற்கும்போது உன் பிள்ளையை நினைத்துப் பயப்படுவேன். ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வது எனக்கு எத்தனை பெரிய விஷயம் என்று உனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். பிள்ளை பிறந்ததும் போன் செய். ஒரு மாதம் வந்து இருக்கிறேன். பத்தியச் சாப்பாடு சமைப்பேன், துணி துவைப்பேன், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன். நீ தைரியமாக வேலைக்குப் போ. யாரும் இல்லாதபோது செய்கிற காரியம் எதற்கு உதவும் என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லிவிட்டாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது என் வாய் மூடியிருக்கும். அது வெறும் குளியல்தான்.

அம்மா